காத்திருக்கும் நேரத்திலும் கற்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் பயிற்சியில் பந்து கையில் இருக்கும் நேரத்தைவிட, தன் முறைக்காக வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம். பெரும்பாலான பயிற்றுநர்கள் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மிஞ்சிப்போனால் “நல்லாக் கவனி” என்பார்கள். எதைக் கவனிப்பது என்று சொல்லாதவரை அந்த வார்த்தையால் பயன் இல்லை.

வாலிபாலில், பந்து சுழலாமல் மிதந்து போகும்படி அடிக்கும் ஃப்ளோட் சர்வீஸையே எடுத்துக்கொள்வோம். புதிதாகக் கற்பவரின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். ஆனால் கற்க வேண்டியதெல்லாம் பந்து கையை விட்டுப் போவதற்குள் முடிந்துவிடுகிறது. எனவே முதலில், பந்தைத் தூக்கிப் போடும் கையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பந்து சுழலாமல், அடிக்கும் தோளுக்கு நேர் முன்னால், அதிக உயரம் போகாமல் எழுகிறதா? அடுத்த முறை மணிக்கட்டு: விறைப்பாக இருக்கிறதா, அடித்ததும் கை சட்டென நிற்கிறதா? அதன் பிறகுதான் கால். ஒரு தடவைக்கு ஒரு கேள்வி போதும். செய்பவருக்குப் பின்னால் நின்று பார்ப்பது நல்லது. எதிரில் நின்றால் இடம் வலமாகத் தெரியும், அதை மனதுக்குள் திருப்பிப் போடுவதிலேயே கவனம் கரைந்துவிடும்.

தேர்ந்த வீரரை மட்டும் காட்டினால் போதும் என்பது பரவலான எண்ணம். அவரிடம் சரியான வடிவத்தைக் கற்கலாம், பிழை எப்படி உருவாகிறது என்பதைக் கற்க முடியாது. அதற்குத் தடுமாறும் சக மாணவர்தான் வேண்டும். அவர் அடித்தவுடன், பயிற்றுநர் வாய் திறப்பதற்கு முன், “பந்தை ரொம்ப முன்னால் போட்டதால் வலையில் பட்டது” என்று பார்ப்பவர் தானே காரணத்தை ஊகிக்க வேண்டும். பிறகு திருத்தத்தைக் கேட்டு ஒப்பிட வேண்டும். திருத்தம் காதில் விழாத தூரத்தில் நிற்பவருக்கு இந்தப் பலன் கிடைக்காது. வீடியோவில் பார்த்தால், உடலின் நிலையை அறிய ஸ்லோ மோஷன் உதவும். ஆனால் கடைசியாகப் பார்ப்பது இயல்பான வேகத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் அசைவின் தாளம் மனதில் தவறாகப் பதியும்.

அடுத்தது மனப்பயிற்சி. 1995இல் வெளியான, நரம்பியல் ஆய்வாளர் பாஸ்குவல்-லியோனி குழுவினரின் ஆய்வில், பியானோவில் ஐந்து விரல் பயிற்சி ஒன்றை ஒரு குழு கையால் வாசித்தது, இன்னொரு குழு மனதால் மட்டுமே வாசித்தது. தினம் 2 மணி நேரம், 5 நாள். மனதால் வாசித்தவர்கள் 5ஆம் நாளில் எட்டிய திறன், கையால் வாசித்தவர்கள் 3ஆம் நாளிலேயே எட்டிவிட்டதுதான். ஆனால் அதன்பின் ஒரே ஒரு 2 மணி நேரக் கைப்பயிற்சியில், மனதால் வாசித்தவர்கள் கையால் வாசித்தவர்களை எட்டிப்பிடித்துவிட்டார்கள். மனப்பயிற்சி மைதானத்துக்கு மாற்று என்று இதை வைத்துச் சொல்வது தவறு. மைதானத்தில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தை அது கூடுதல் பயனுள்ளதாக்குகிறது, அவ்வளவுதான்.

செய்யும் முறை முக்கியம். படுத்துக்கொண்டு கற்பனை செய்வதைவிட, சர்வீஸ் நிலையில் நின்று, முடிந்தால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். தன்னை வெளியிலிருந்து பார்ப்பதுபோல் அல்ல, தன் கண்ணுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல். பந்தின் எடை, உள்ளங்கையின் அடிப்பாகத்தில் அது படும் அதிர்வு, எல்லாம் உணர்வுக்கு வர வேண்டும். வேகத்தை ஸ்டாப்வாட்ச் காட்டிக்கொடுக்கும். நிஜத்தில் 4 விநாடி எடுப்பது மனதில் 2 விநாடியில் முடிந்தால் ஏதோ ஒரு பகுதி விடுபடுகிறது. 7 விநாடி ஆனால் எங்கோ சிக்குகிறது, அந்த இடத்தைக் களத்தில் தனியாகப் பழக வேண்டும். மனதில் 3 முறை, நிஜத்தில் ஒரு முறை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். மொத்தம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், சிறுவர்களுக்கு 5 நிமிடமே அதிகம்.

கற்பனையிலும் பந்து வலையில் படும். அப்போது அப்படியே தொடரக் கூடாது. பந்தைத் தூக்கும் இடத்துக்குத் திரும்பி, சரியாக முடித்த பிறகே நிறுத்த வேண்டும். தவறும் காட்சியை மனதில் ஓட்டினால் திறன் குறைவதை கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளும் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதனால் “வலையில் அடிக்காதே” என்று கத்தும் பயிற்றுநர்களிடம் ஒரு வேண்டுகோள்: பந்து விழ வேண்டிய இடத்தைச் சொல்லுங்கள். அந்தச் செயலை ஒருமுறைகூடச் செய்யாதவருக்கு மனப்பயிற்சி கொடுக்காதீர்கள். உணர்ந்தறியாத அசைவை மனம் தப்பாகவே கட்டமைக்கும்.

கணுக்கால் பிசகிய மாணவரைக் குணமாகும்வரை வீட்டிலேயே இருக்கச் சொல்வதும் வேண்டாம். எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தோழர்கள் அடிக்கும்போதெல்லாம் மனதுக்குள் கூடவே அடிக்கச் சொல்லுங்கள். போட்டியில் நடுவர் விசில் ஊதியதும் சர்வீஸ் போட 8 விநாடி உண்டு. ஒரு முழு சர்வீஸை மனதில் ஓட்டிவிட்டு அடிக்க அது போதும், பயிற்சியிலேயே அதைப் பழக்கியிருந்தால்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்