சாரல் காலத்து எஞ்சின் மணல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செங்கோட்டை - புனலூர் பாதையில் எஞ்சின் தண்டவாளத்தில் மணலைக் கொட்டிக்கொண்டே போகிறது, மணல் விற்கிற விலையில் இது என்ன ஊதாரித்தனம் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். அந்தப் பாதையில் எஞ்சின் ஓட்டியவன் என்ற முறையில் இந்தப் பதில்.

அந்த மலைப்பாதையில் ஏற்றம் 37-க்கு 1. அதாவது 37 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் உயர வேண்டும். எஞ்சின் 120 டன் எடை இருக்கலாம், 6,000 குதிரைத்திறன் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தைத் தொடுவது சில்லறைக் காசு அளவு இடத்தில்தான். அங்கே வழுக்கினால் வண்டி நகராது, சக்கரம் மட்டும் சுற்றும். இதைத்தான் நாங்கள் வீல் ஸ்லிப் என்போம். கவனிக்காமல் விட்டால் சூட்டில் தண்டவாளமே குழி விழும்.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் கொண்டாடும் சாரல்தான் எங்களுக்கு எமன். பெருமழை என்றால் தண்டவாளத்தைக் கழுவி விட்டுவிடும். சாரல் அப்படியில்லை, துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் குழைத்துப் பூசிவிட்டுப் போகும்.

அந்த வழுக்கலில் சக்கரத்துக்குப் பிடி கிடைக்கத்தான் மணல். பிரேக்குக்காக எஞ்சினில் எப்போதும் அழுத்தத்தில் காற்று இருக்கும், ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8 முதல் 10 கிலோ. எஞ்சினில் உள்ள சாண்ட் பாக்ஸ் என்ற மணல் பெட்டியிலிருந்து இறங்கும் மணல் கீழே ஒரு வளைவில் தானாகவே நின்றுவிடும். டிரைவர் பெடலை மிதித்தால் காற்று பாய்ந்து, அந்த மணலைக் கிளப்பி, குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் ஊதும். காலை எடுத்தால் நின்றுபோகும். ஆக, வழியெல்லாம் கொட்டுகிற வேலையே கிடையாது. தண்டவாளம் பிரிகிற இடத்தில் நகரும் பாயிண்ட்ஸ் மேல் மணல் போடக் கூடாது, சிக்கிக்கொள்ளும். அளவுக்கு மீறினால், வண்டி இருப்பதைச் சிக்னலுக்குக் காட்டும் மின்சாரம் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே போகாமல், வண்டி நிற்பதே சிக்னலுக்குத் தெரியாமல் போகலாம். அதனால் வாசகரைவிட நாங்கள்தான் பெரிய கஞ்சர்கள்.

சக்கரம் வேகமாகச் சுற்ற ஆரம்பித்த பிறகு மிதிப்பதும் தப்பு. திடீரென்று பிடித்தால் பல்சக்கரத்துக்கு அடி. முதலில் பவரைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் மணல். இன்றைய புது எஞ்சின்கள் வழுக்கலைத் தாமே கண்டுபிடித்துத் தாமே மணல் போடுகின்றன. சரி, நல்லதுதான். ஆனால் எந்த எஞ்சினாக இருந்தாலும் ஈர மணலை ஊத முடியாது. குழாயில் கட்டியாகி அடைத்துக்கொள்ளும்.

என் குறை இங்கேதான். நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் மணல் மூட்டைகள் திறந்தவெளியில் நனைந்து கிடக்கும், அதையே அள்ளி நிரப்புவார்கள். நீராவி எஞ்சின் காலத்திலேயே ஷெட்டுகளில் மணலை வறுத்துக் காயவைக்க அடுப்பு இருந்தது என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வரும். கோடிக்கணக்கில் எஞ்சின் வாங்கும் நிர்வாகம் மணலுக்கு ஒரு கூரையும், காயவைக்க ஓர் ஏற்பாடும், நல்ல சல்லடையும் தரட்டும். ஜூன், ஜூலையில் மலையேறும் ஒவ்வொரு எஞ்சினிலும் புறப்படும் முன் பெடலை மிதித்து, எல்லாக் குழாயிலும் மணல் வருகிறதா, அது தண்டவாளத்தின் மேல்தான் விழுகிறதா என்று கீழே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். அதற்கான நேரத்தையும் அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற லோகோ பைலட், தென்காசி