அந்த அடிமை அப்புறம் என்ன ஆனான்? பாடநூல் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக வரலாற்றுப் பாடம் எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். ரோம் பாடத்தில் அடிமைகள் வருவார்கள், அரங்கில் சண்டை போடும் கிளாடியேட்டர் வருவான், அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஸ்பார்டகஸ் வந்து சாவார். அதோடு பாடம் முடிந்துவிடும். போன மாதம் ஒரு பையன் எழுந்து, "எசமானே விடுதலை கொடுத்துட்டா, அப்புறம் அவன் என்ன சார் ஆவான்?" என்றான். புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு வரி இல்லை.

ரோமானியக் குடிமகன் ஒருவர் சட்டப்படி தன் அடிமையை விடுவித்தால், அவனும் குடிமகன் ஆனான். ஆனால் எசமானின் பெயர் அவனை விடாது. ரோமின் பெரிய பேச்சாளர் சிசெரோ கி.மு. 53இல் விடுவித்த டிரோ, அதன்பின் மார்கஸ் டுல்லியஸ் டிரோ. முன்னது இரண்டும் சிசெரோவின் பெயர்கள். கல்வெட்டில் மற்றவர்கள் 'இன்னார் மகன்' என்று பொறிக்கும் இடத்தில், இவர்கள் 'இன்னார் விடுவித்தவர்' என்று பொறித்தார்கள். பழைய எசமானுக்கு மரியாதை காட்ட வேண்டும். இத்தனை நாள் வேலை செய்து தருகிறேன் என்று சத்தியம் செய்திருந்தால் அதையும் செய்தாக வேண்டும். நன்றி மறந்தவர்களைத் திரும்ப அடிமையாக்கலாமா என்று கி.பி. 56இல் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டிலேயே பேச்சு எழுந்தது. பொதுச் சட்டமாக வேண்டாம் என்று முடிவு செய்தது, யாரென்று நினைக்கிறீர்கள், கொடுங்கோலன் என்று பெயரெடுத்த பேரரசர் நீரோ!

இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரில் கிடைத்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதைப் பாடத்தில் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலே. நிலநடுக்கத்தில் விழுந்த, எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் கோயிலை நுமேரியஸ் பொபீடியஸ் செல்சினஸ் தன் சொந்தப் பணத்தில் அடித்தளத்திலிருந்து கட்டிக் கொடுத்தாராம். அதற்காக நகர மன்றம் அவரைக் கட்டணமில்லாமல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதாம். அப்போது அவருக்கு வயது ஆறு.

ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏது காசு? அப்பா ஆம்பிளியாட்டஸ் கொடுத்தது. அவர் விடுதலை பெற்ற அடிமை என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. எவ்வளவு பணம் இருந்தாலும் மன்றத்தில் அவருக்கு இடம் கிடையாது. சுதந்திரனாகப் பிறந்த மகனுக்கு உண்டு. அதனால் உபயம் மகன் பெயரில். அவர் பெயர் வேறிடத்தில் இருக்கிறது: கோயிலின் பின்சுவர் மாடத்தில் வைத்த, மதுவின் கடவுளான பாக்கஸ் சிலையில், 'தந்தை' என்ற சொல்லோடு. முன்வாசலில் மகன், பின்சுவரில் அப்பா. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது வகுப்பில் சத்தமே இல்லை.

இன்னொருவரையும் சேர்க்கலாம். பேரரசர் கிளாடியஸ் காலத்தில் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறிய ஒரு ரோமானியரைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஆறு மாதத்தில் அந்த ஊர் மொழியைக் கற்று அரசனோடு பேசியவர் அவர். அன்னியஸ் பிளோகாமஸ் விடுவித்த ஆள் என்கிறார் பிளினி. முதலாளி பெயர் இருக்கிறது. இவர் பெயரைத்தான் எழுதவில்லை.

அடுத்த பதிப்பில் அரைப் பக்கம் போதும் ஐயா. இடம் இல்லையென்றால் கிளாடியேட்டர் படத்தைச் சின்னதாக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்