சாட்சிக்குக் கதவுள்ள அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீதிமன்றங்களையும் நவீன அலுவலகங்கள்போல வெளிச்சமாக, தடுப்பில்லாமல் கட்ட வேண்டும் என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். வெளிச்சம் சரி. தடுப்பில்லாமல் என்பதைத்தான் முன்னாள் நீதிமன்ற ஊழியனான என்னால் ஏற்க முடியவில்லை.

நீதிமன்றத்துக்கு வரைபடம் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது வழி. நீதிபதிக்கு ஒன்று, காவலில் இருப்பவருக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று. மூன்றும் விசாரணை அறைக்குள் மட்டுமே சந்திக்க வேண்டும். பழைய கட்டடங்கள் பலவற்றில் இது கிடையாது. சாட்சி சொல்ல வந்த பெண் தாழ்வாரத்து பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். எதிர்த்தரப்பு ஆட்கள் நாலடி தள்ளி நின்று முறைத்துக்கொண்டிருப்பார்கள். வாய் திறந்து மிரட்டவே வேண்டாம். பெயரைக் கூப்பிடுவதற்குள் பாதிச் சாட்சியம் தொண்டையிலேயே நின்றுவிடும். அவருக்குத் தேவை சாத்திக்கொள்ள ஒரு கதவு, தனிக் கழிப்பறை. வக்கீலும் கட்சிக்காரரும் நாலு வார்த்தை பேசவும் அப்படித்தான். இன்று மாடிப்படி ஓரத்தில்தான் பேசுகிறார்கள்.

ரிச்சர்ட் ரோஜர்ஸ் நிறுவனம் வடிவமைத்து 1998இல் முடிந்த பிரான்சின் போர்தோ நீதிமன்றத்தைப் பாருங்கள். வெளியே கண்ணாடி. விசாரணை அறைகளோ மரம் போர்த்திய மூடிய கூடுகள்.

அலுவலகத்திலேயே திறந்த தளம் சொன்னபடி நடக்கவில்லை. தடுப்புகளை எடுத்த இரண்டு நிறுவனங்களை ஹார்வர்டு ஆய்வாளர்கள் கவனித்து 2018இல் எழுதினார்கள்: நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது. எல்லோர் கண்ணும் மேலே இருந்தால் யார் வாய் திறப்பார்கள்? கோப்புகள் நகரும் பதிவுப் பிரிவுக்கு வேண்டுமானால் திறந்த தளம் பொருந்தலாம். அங்கேயும் சத்தத்துக்கு வழி பார்க்க வேண்டும்.

சத்தம் என்றதும் இன்னொன்று. சண்டிகர் உயர் நீதிமன்றத்தில், அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே பிரம்மாண்டமான கம்பளித் தொங்கல்களை மாட்டியது அழகுக்காக மட்டும் அல்ல, கான்கிரீட் அறைகளின் எதிரொலியை அடக்கவும்தான். சாட்சி முணுமுணுத்தது சுருக்கெழுத்தருக்குக் கேட்காவிட்டால் பதிவில் என்ன ஏறும்?

ஒட்டுப்பலகையில் முழு அளவு மாதிரி அறை செய்து, யாருக்கு யார் தெரிகிறார் என்று பார்த்த பிறகே கட்டும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. நாமும் செய்யலாம். அப்புறம், அந்த ஒட்டுப்பலகை அறைக்குக் கட்டடக் கலைஞர்களோடு, வழக்கு எண்ணைக் கூப்பிடும் ஊழியரையும் கைதியை அழைத்துவரும் காவலரையும் வரச்சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்