வழங்கியது யார்? பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் பெரியோர்களுக்கு வணக்கம்.

என் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது உங்கள் நூலைப் புரட்டினேன். மேலே மீசை வைத்த ஒரு பிரதமரின் படம், அரைப் பக்கத்துக்கு. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: 'பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது.' பக்கத்தில் ஓர் ஆண்டு. ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும்தான். ஆனால் அந்த 'வழங்கப்பட்டது' என்னை உறுத்துகிறது. வழங்குவது வள்ளல்கள் வேலை. முல்லைக்குப் பாரி தேர் கொடுத்தான். முல்லை அவனிடம் கேட்கவில்லை. இந்தப் பெண்களோ கேட்டுக் கேட்டு வாய் வலித்தவர்கள்.

நியூசிலாந்தைப் பாருங்கள். 1891இல் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். பலனில்லை. மறு ஆண்டு அது இரண்டு மடங்கானது. அப்போதும் கதவு திறக்கவில்லை. 1893இல் ஏறக்குறைய 32,000 கையெழுத்துகள். போராட்டத்தை முன்நின்று நடத்திய கேட் ஷெப்பர்ட் அந்தத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு துடைப்பக் கட்டையில் சுருட்டி அனுப்பினார். ஜான் ஹால் என்ற உறுப்பினர் அவையில் அதை உருட்டிவிட, தரையெல்லாம் விரிந்துகொண்டே போய்க் கடைசிச் சுவரில் முட்டி நின்றதாம். மேலவையில் சட்டம் தேறியது 20க்கு 18 என்ற கணக்கில். எதிராக இருந்த இருவர் கடைசி நேரத்தில் மாறியதால்தான் அதுவும். அவர்களுக்கும் பெண்கள்மேல் திடீர்ப் பரிவு வந்துவிடவில்லை. சட்டத்தைத் தோற்கடிக்கப் பிரதமர் செடன் திரைமறைவில் செய்த வேலை பிடிக்காமல் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். இதில் வள்ளல் யார், சொல்லுங்கள்.

பிரிட்டனுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் ஆண்டு 1918. அந்த ஆண்டில் ஆணுக்கு 21 வயது போதும். பெண்ணுக்கு 30 ஆக வேண்டும், சொத்துத் தகுதியும் வேண்டும். இருவருக்கும் ஒரே விதி வந்தது 1928இல். அதற்கெல்லாம் முன்னால், 1909 முதல், சிறையில் உண்ணாவிரதம் இருந்த பெண்களை நாலைந்து பேர் அமுக்கிப் பிடிக்க, மூக்கு வழியே குழாய் செருகி உணவை ஊற்றினார்கள். வெளியே கெட்ட பெயர் வந்ததும் 1913இல் ஒரு சட்டம்: உடம்பு நலிந்தால் விட்டுவிடு, தேறியதும் திரும்பப் பிடி. 'பூனை எலிச் சட்டம்' என்று ஊரே அதைக் கேலி செய்தது.

ஆஸ்திரேலியாவின் 1902ஐயும் அப்படியே விட்டுவிடாதீர்கள். பூர்வகுடிப் பெண்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் இல்லை. நாடாளுமன்றத் தேர்தலில் அவர்கள் எல்லோருக்கும் வழி திறந்தது 1962இல்.

அப்புறம் சுவிட்சர்லாந்து. பெண்கள் வாக்களிக்கலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். 1971இல்தான் மனம் இறங்கினார்கள், அதுவும் நாட்டளவிலான வாக்குக்கு. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சின்ன மாநிலத்தில், மாநில அளவிலான வாக்கைப் பெண்களுக்குத் தர 1990 ஏப்ரலிலும் ஆண்கள் திறந்தவெளியில் கூடிக் கைதூக்கி மறுத்தார்கள். மாநிலப் பெண்கள் விடவில்லை, வழக்குப் போட்டார்கள். அதே நவம்பரில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

அடுத்த பதிப்பில் 'வழங்கப்பட்டது' என்பதை எடுத்துவிட்டுப் 'போராடிப் பெற்றார்கள்' என்று போடுங்கள். யார் போராடினார்கள் என்று இரண்டு பெயராவது சேருங்கள். இடமில்லை என்பீர்கள். சரி, அந்த மீசைக்காரரின் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் துடைப்பக் கட்டைக்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
மகளோடு உங்கள் நூலைப் படிக்கும் ஒரு தாய்