மயில் கழுத்துப் பட்டு படத்தில் விழாது: பாவும் ஊடையும் எழுதி விற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்தப் பட்டைக்கூட வாட்ஸ்அப்பில் படம் பார்த்தே எடுக்கும் வழக்கம் பரவிவிட்டது. ‘படத்தில் பார்த்த நிறம் வேறு, கைக்கு வந்த நிறம் வேறு’ என்ற தகராறும் கூடவே வளர்ந்திருக்கிறது. வேண்டுமென்றே ஏமாற்றுபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நெடுக்கு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் வேறு வேறு நிறத்தில் ஓடும் இரட்டை நிறப் பட்டு என்றால், நேர்மையாக எடுத்த படமும் உண்மை நிறத்தைக் காட்டாது. அதற்கான காரணத்தை வாங்குபவர்களும் விற்பவர்களும் தெரிந்துகொண்டால் பாதித் தகராறு குறையும்.

மயில் கழுத்து என்ற இரட்டை நிறப் பட்டில் வழக்கமாகப் பாவு நீலம், ஊடை பச்சை. பட்டிழை, விழும் ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்காகத் திருப்பி வீசும். பாவு நெடுக்கிலும் ஊடை குறுக்கிலும் ஓடுவதால், சேலையைச் சாய்க்கும்போது ஒரு நிறம் எழும், மற்றது அடங்கும். இன்னொன்றும் உண்டு. நம் இரண்டு கண்களுக்கும் இடையில் சுமார் 6 செ.மீ. இடைவெளி. மடிப்பின் ஒரே புள்ளி ஒரு கண்ணுக்கு நீலம் தூக்கலாகவும் மறு கண்ணுக்குப் பச்சை தூக்கலாகவும் தெரியும். அந்த வேறுபாடும் சேர்ந்துதான் பட்டின் மினுமினுப்பு. படத்தில் இரண்டு கண்களுக்கும் கிடைப்பது ஒரே புள்ளி, ஒரே நிறம். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாக இருந்தாலும் இது மாறாது.

முழுச் சேலையைத் தள்ளி நின்று எடுக்கும்போது கேமராவால் இழைகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இரண்டு நிறங்களையும் கலந்து சராசரியாக ஒன்றைத் தரும். நீலமும் பச்சையும் கலந்தால் பரவாயில்லை. சிவப்புப் பாவும் பச்சை ஊடையும் கலந்தால் மங்கிய பழுப்புதான் மிஞ்சும். நேரில் தகதகக்கும் சேலை படத்தில் அழுக்காகத் தெரிவது இதனால்தான். இதன் மேல் திரையின் எல்லை வேறு. இணையப் படங்களில் பெரும்பாலானவை 1990-களில் வகுக்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள் அடைபட்டவை. கண் காணும் நிறப் பரப்பில் அது தொடுவது மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில்தான் அது மிகவும் குறைபடுகிறது. மயில் கழுத்தின் இடமே அதுதான். ராணி பிங்க், மிளகாய்ச் சிவப்பு ஆகியவற்றில் வேறு கோளாறு: கேமராவின் சிவப்பு அளவு உச்சத்தை முட்டிவிடுவதால் நெசவே தெரியாமல் பெயின்ட் அடித்த மாதிரி தட்டையாகிவிடும். நாளிதழ்த் தாளில் நான்கு மையால் அச்சாகும் நிறங்கள் திரையைவிடவும் குறைவு. தங்கள் இதழின் விளம்பரத்தைக் கத்தரித்துக் கடைக்குக் கொண்டுபோய் ‘இதே நிறம்’ என்று கேட்பதால் பயனில்லை.

விற்பவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஃபிளாஷ் கூடவே கூடாது. ஒளியும் லென்ஸும் ஒரே திசையில் இருந்தால் இரட்டை நிறம் அடங்கிவிடும், சரிகையும் வெள்ளைத் தகடாகிவிடும். நேர்வெயில் படாத ஜன்னலோரம், காலை வெளிச்சம் போதும். திரை முழுவதும் சேலையே நிறைந்திருந்தால், அந்த நிறத்தைத் ‘திருத்த’ வேண்டிய கோளாறு என்று நினைத்து ஃபோன் வெளிறச் செய்துவிடும். ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் தெரிய வையுங்கள். திரையில் சேலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளி அளவைப் பூட்டி, அதைச் சற்றுக் குறையுங்கள். பிறகு ஃபோனை அசைக்காமல் துணியை மட்டும் மெதுவாகக் கால் வட்டம் திருப்பி, 20 விநாடி வீடியோ எடுத்தால் போதும். ஃபோனை நகர்த்தினால் ஒளி அளவும் பின்னணியும் மாறி, நிறம் மாறுவது துணியாலா கேமராவாலா என்று பார்ப்பவருக்குப் புரியாது.

வாங்குபவர்கள் கேட்க வேண்டிய படம் ஒன்றே ஒன்று: ரவிக்கைத் துணிப் பக்கம் வெட்டு முனையில் பிரிந்து நிற்கும் நூல்களின் படம். அங்கே நீட்டிக்கொண்டிருப்பது பாவு. குறுக்கே ஓரிரு இழையை உருவினால் வருவது ஊடை. முந்தி நுனிக் குஞ்சத்தை நம்ப வேண்டாம். பேட்னி போட்ட சேலையில் முந்திக்கு வேறு பாவு பிணைத்திருப்பார்கள். அது உடலின் நிறத்தைச் சொல்லாது.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல, விலையும் இதில் இருக்கிறது. உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலையில் மூன்று நாடா (ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் தறிக் கருவி) ஓடும். உடலின் ஊடை கரைக்குள் போகாது. கரையின் ஊடை உடலுக்குள் வராது. அதனால் பச்சை உடலும் அரக்குக் கரையும் தத்தம் நிறத்தில் கலப்பில்லாமல் நிற்கும். இதற்கு நெய்பவரோடு பக்கத்தில் துணை ஆளும் வேண்டும், நேரமும் கூடும். கோர்வை இல்லாமல் ஒற்றை நாடாவில் நெய்தால் ஒரே ஊடை கரைக்குக் கரை போகும். அரக்குக் கரை தெளிவாக வர அரக்கு ஊடை போடுவார்கள். அது பச்சை உடலிலும் புகுந்து உடல் இரட்டை நிறமாகிவிடும். அதுவும் அழகான சேலைதான், ஆனால் கோர்வை விலைக்கு உரியதல்ல. படத்தில் இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். உடல் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே நிறமாக நிற்கிறதா என்பது துணியைத் திருப்பினால்தான் தெரியும். இரட்டை நிறக் கோர்வையும் நெய்கிறார்கள் என்பதால், உடலின் ஊடை கரைக்குள் போகாமல் நிற்கிறதா என்று கரை சேரும் இடத்தைப் பின்பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கோ-ஆப்டெக்ஸ் சேலைகளில் நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டையைப் பார்த்திருக்கிறோம். அதுபோல ஒவ்வொரு பட்டுச்சேலையின் சீட்டிலும், இணைய விற்பனைப் பக்கத்திலும், ‘பாவு: நீலம், ஊடை: பச்சை, கோர்வை: ஆம்/இல்லை’ என்று ஒரு வரி இருக்க வேண்டும் என்று கூட்டுறவுச் சங்கங்களையும் கடைக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறோம். இதற்குச் செலவே இல்லை. நிறம் ஒத்துவரவில்லை என்று சேலை திரும்பும்போது, படம் எடுத்ததில் பங்கே இல்லாத நெசவாளரின் கூலியில் அந்த நஷ்டம் விழக்கூடாது.

ரவிக்கைக்கு மேட்சிங் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலிவான எல்இடி விளக்குகளில் ஆழ்ந்த சிவப்புக் கதிர் குறைவு. அதன் கீழ் அரக்கு பழுப்பாகத் தெரியும், பொருந்தாத துணியும் பொருந்தியதாகத் தோன்றும். சேலையையும் துணியையும் கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரட்டை நிறச் சேலை என்றால் துணியை ஊடை நிறத்தோடு ஒரு முறை, பாவு நிறத்தோடு ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இப்படிக்கு,
பட்டு நெசவுத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
காஞ்சிபுரம்