வங்கி கடன் தந்தால் பத்திரம் சுத்தம் என்று அர்த்தமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு, மனை பற்றிய பக்கங்களில் வட்டி விகிதமும் வாஸ்துவும் வாராவாரம் வருகின்றன. முதல் வீடு வாங்கும் இளம் தம்பதியர் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்பது மட்டும் அவ்வளவாக வருவதில்லை. பத்திரம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

"பேங்க்கே லோன் கொடுக்குது சார், அப்புறம் நாம என்ன பார்க்கணும்?" என்று கேட்காத தம்பதியர் குறைவு. வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கிக்காக. கடன் நின்றுபோனால் சொத்தை ஏலம் விட முடியுமா என்பதே அவருக்கு முன்னால் இருக்கும் கேள்வி. மனை 100 சதுர அடி குறைகிறதா, பின்பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையதா, குழாயில் வருவது உப்புத் தண்ணீரா என்பதெல்லாம் அவர் வேலை அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல், எது முதலில் எது பிறகு நடக்கிறது என்பதில் இருக்கிறது. முன்பணம் கொடுத்து, ஒப்பந்தம் போட்டு, அதன் நகலை வைத்துத்தான் கடனுக்கே விண்ணப்பிக்கிறார்கள். வங்கி வழக்கறிஞர் ஒரு குறையைச் சொல்லும்போது பணம் விற்பவர் கையை விட்டும் போயிருக்கும். ஆகவே பார்க்க வேண்டியதையெல்லாம் முன்பணத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

முதலில் வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் உள்ள பதிவுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் எந்த எண்ணைக் கொடுத்துத் தேடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைய பட்டாவில் 112/3ஏ2 என்று இருக்கும். உட்பிரிவு ஆவதற்கு முன் அதே நிலம் 112/3 என்ற எண்ணில் விற்கப்பட்டிருக்கும், அடகு வைக்கப்பட்டிருக்கும். புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் சான்று வெள்ளையாக வரும், உள்ளே வில்லங்கம் உட்கார்ந்திருக்கும். பழைய புல எண், உட்பிரிவு எண், நகர அளவை எண் இருந்தால் அதுவும் என எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். அந்தக் கிராமம் இடையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். குறைந்தது 30 ஆண்டுகள் பாருங்கள். அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம் கிடைத்தால் அதையும் படியுங்கள்.

வில்லங்கச் சான்றில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. பதிவு செய்யாத உயில், வாடகைக்காரர், பத்திரத்தைக் கொடுத்து வாய்மொழியாக வாங்கிய கடன் எதுவும் அதில் தெரியாது. அதனால்தான் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்கிறோம். "அசல் தொலைந்துவிட்டது, நகல் இருக்கிறது" என்று சொன்னால், அது எங்கோ அடகில் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து வாரிசுகள். அப்பா பெயரில் இருந்த வீட்டை, அவர் காலமான பிறகு மகன்கள் இருவர் சேர்ந்து விற்க வருவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவி, மகன்கள், மகள்கள், இவர்களோடு அவருடைய தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. திருமணமாகிப் போன மகளுக்கும் பங்கு உண்டு என்பது இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. உயிரோடு இருக்கும் பாட்டியின் பங்குதான் விட்டுப்போகிறது. ஊரில் இருக்கும் அந்தப் பாட்டி கையெழுத்துப் போடாவிட்டால் அவர் பங்கு அப்படியே நிற்கும். பின்னாளில் அவருடைய மற்ற பிள்ளைகள் அதைக் கேட்டு வரலாம். வாரிசுகளில் ஒருவர் மைனர் என்றால், அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் நடந்த விற்பனையை எதிர்த்து, அந்தப் பிள்ளை 18 வயதான பிறகு 3 ஆண்டுக்குள் வழக்குப் போட முடியும்.

விற்பவருக்குப் பதில் பவர் ஏஜென்ட் வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்த நொடியே பவரும் முடிந்துவிடும். முடிந்தால் அவரையே நேரில் சந்தித்துப் பேசிவிடுவது நல்லது.

மனையை அளக்கும்போது டேப்பை நீங்களே பிடியுங்கள். 30க்கு 40 மனை என்றால் நான்கு பக்கத்தை அளந்தால் மட்டும் போதாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் 50 அடி வர வேண்டும். ஒன்று 48, மற்றொன்று 52 என்று வந்தால் மனை கோணல், பரப்பும் குறையும். பத்திரத்தில் சதுர அடியும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கும் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,076 சதுர அடி. 1,200 சதுர அடி மனைக்குப் பட்டாவில் ஏறக்குறைய 1.11 ஏர் இருக்க வேண்டும். 1.02 ஏர்தான் இருக்கிறது என்றால் பட்டாப்படி 100 சதுர அடி காணவில்லை. அது பக்கத்து மனைக்குள் இருக்கிறதா, தெருவில் போய்விட்டதா என்பதைப் புலப்படத்தை, அதாவது அரசு நில அளவை வரைபடத்தை வைத்து சர்வேயர்தான் சொல்ல வேண்டும். அந்த அளவை விற்பவர் செலவில், அவர் முன்னிலையில் நடக்கட்டும்.

வரைபட அனுமதியையும் கட்டடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும் இருக்கும், மேலே இன்னொரு தளம் நிற்கும். வங்கி மதிப்பீட்டாளர் மேல்தளத்தைக் கணக்கில் சேர்க்கமாட்டார். நீங்கள் 50 லட்சத்துக்குப் பேசிய வீட்டை அவர் 42 லட்சம் என்று எழுதினால், 80 சதவீதக் கடன் 40 லட்சமாக இல்லாமல் 33 லட்சத்து 60 ஆயிரமாகிவிடும். கடைசி வாரத்தில் 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்கு எங்கே போவது? நகையும் தனிநபர் கடனும் இப்படித்தான் உள்ளே வருகின்றன.

கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கிலும் இளம் தம்பதியர் ஏமாறுகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம் என்பதே உச்சவரம்பு. இந்த அளவு வீடுகளுக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீத பதிவுக் கட்டணம். பேசிய விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மீது. ஆக 50 லட்சத்து வீட்டுக்குச் சொந்தப் பங்கு 10 லட்சம் போதாது, பதிவுக்கு 4 லட்சத்து 50 ஆயிரம் தனி. வங்கிக்கு அடமானம் பதியும் செலவு, வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 15 லட்சம் கையில் இல்லாமல் இறங்காதீர்கள். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சலுகை 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு மட்டும்தான். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீத வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. அது கூடுதல் செலவல்ல, விற்பவருக்குத் தரும் தொகையிலிருந்து கழிக்க வேண்டியது. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கணக்கே வேறு, பிடித்தம் பல மடங்கு. முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

"பாதியை ரொக்கமாகக் கொடுங்கள், பத்திரத்தில் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். பத்திரத்தில் மதிப்பு குறைந்தால் கடன் குறையும். நாளை நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரி கூடும். பேரம் முறிந்தால் ரொக்கம் கொடுத்ததற்குச் சாட்சியே இருக்காது.

கணவன், மனைவி இருவர் சம்பளத்தையும் காட்டிக் கடன் வாங்குகிறார்கள், பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருக்கிறது. மற்றவருக்குக் கடனைக் கட்டும் கடமை உண்டு, வீட்டில் உரிமை இல்லை. வட்டிக்கு வரிச்சலுகைகூடக் கேட்க முடியாது. இது எங்களுக்கு மனம் ஒப்பாத விஷயம். இருவரும் கட்டுகிறீர்கள் என்றால் இருவர் பெயரிலும் எழுதுங்கள், பாதிப்பாதியா வேறு விகிதமா என்பதையும் பத்திரத்திலேயே சொல்லுங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தை வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதைப் பதிவு செய்வது கட்டாயம். அதில் மூன்று வரிகள் விடுபடக் கூடாது. வங்கி வழக்கறிஞர் சொத்துரிமையில் குறை கண்டு கடனை மறுத்தால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்பது ஒன்று. வாடகைக்காரரைக் காலி செய்து சாவியைப் பதிவு நாளில் ஒப்படைப்பது விற்பவர் பொறுப்பு என்பது இன்னொன்று. அந்தத் தேதி வரையிலான மின்கட்டணம், சொத்து வரி, குடிநீர் வரி பாக்கி அவருடையது என்பது மூன்றாவது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு ரூபாய் நாணயமும் டார்ச்சும் இருக்கட்டும். டைல்ஸைத் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் அடியில் சிமென்ட் பிடிக்கவில்லை. சுவரின் கீழ் 2 அடிக்குள் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அஸ்திவாரத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. மேலே பூசியிருக்கும் புதுப் பெயின்ட் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். அலமாரிக்குப் பின்னாலும் குளியலறையின் அந்தப்பக்கச் சுவரிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மாடிக் குளியலறையைச் சோதிக்க எளிய வழி, தரைத் துளையைத் துணியால் அடைத்து 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மறுநாள் கீழ் அறையின் கூரையைப் பார்ப்பது. ஈரக்கறை வந்தால் தளத்தை உடைத்து நீர்க்காப்பு செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள். சின்ன மனைகளில் செப்டிக் டேங்கும் போர்வெல்லும் நெருங்கியே இருக்கும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் உப்போடு கிருமிச் சோதனையும் செய்துவிடுங்கள். மின்பலகையில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறதா என்று பாருங்கள்.

ஆடிக்கு முன் பால் காய்ச்ச வேண்டும் என்று நாள் குறித்துவிட்டு எல்லாவற்றையும் அதற்குள் திணிப்பதால் வரும் கேடு கொஞ்சமல்ல. நல்ல நாளில் குடிபோவது நம் மரபு, அதை யாரும் விட வேண்டாம். பதிவு முடிந்து சாவி வாங்கிய பிறகு நாள் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம். புதிதாகக் கட்டிய வீடு என்றால் பூச்சு ஈரம் காயாமல் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் மாதங்களிலேயே உரியும். ஹோமகுண்டத்தை நேராக டைல்ஸ் மேல் வைத்தால் சூட்டில் டைல்ஸ் வெடிக்கும். கீழே செங்கல் பரப்பி மணல் கொட்டி வைக்கச் சொல்லுங்கள்.

பதிவுக்குப் பிறகு பட்டா, மின் இணைப்பு, சொத்து வரி மூன்றிலும் பெயர் மாற வேண்டும். உட்பிரிவு தேவைப்படாத முழுப் புலமாக இருந்து, பட்டா விற்பவர் பெயரிலேயே இருந்தால் மாற்றம் விரைவில் நடக்கும். அது இன்னும் அவருக்கு விற்றவர் பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் மாதக்கணக்கில் அலைச்சல். அதனால் பட்டாவை அவர் பெயருக்கு மாற்றிய பிறகே கிரையம் என்று ஒப்பந்தத்திலேயே கேட்கலாம். வங்கியில் அசல் பத்திரங்களை ஒப்படைக்கும்போது எந்த ஆவணம், எத்தனை பக்கம் என்ற பட்டியலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள். கடன் முழுவதும் முடிந்த 30 நாளுக்குள் வங்கி அவற்றைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் பக்கத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு உத்தரவு. எதை ஒப்படைத்தீர்கள் என்ற பட்டியல் இல்லாவிட்டால் எதைக் கேட்பீர்கள்?

தங்கள் நாளிதழ் மூலம் வங்கிகளிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். சட்டக் கருத்து அறிக்கைக்கும் மதிப்பீட்டு அறிக்கைக்கும் கட்டணம் கட்டுகிறவர் கடன் வாங்குபவர். ஆனால் பல கிளைகளில் அவற்றின் நகல் அவர் கைக்கு வருவதே இல்லை. "ஒப்புதல் ஆகிவிட்டது" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். வழக்கறிஞர் குறிப்பிட்ட குறை என்ன, எந்த ஆவணத்தைப் பார்க்காமல் கருத்து எழுதினார், மதிப்பீட்டாளர் எந்தத் தளத்தை விட்டார் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருக்கின்றன. 20 ஆண்டுகள் தவணை கட்டப்போகிற தம்பதியருக்கு அவற்றைக் கடன் தொகை வழங்குவதற்கு முன்பே எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். வாசகர்களும் விண்ணப்பத்தோடு சேர்த்தே அந்த இரண்டு நகலையும் எழுதிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர்கள் சிலர்,
திருச்சி.