கிரீன் கார்டு மெடிக்கல்: டாக்டருக்குப் பயிற்சி வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசிச் சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள், நாலு கிளினிக்கில் கட்டணம் விசாரியுங்கள், சீல் வைத்த கவரைப் பிரித்துவிடாதீர்கள் என்று அறிவுரை எல்லாம் விண்ணப்பிப்பவருக்கே. பரிசோதிக்கும் டாக்டருக்கு இந்த வேலை சரியாகத் தெரியுமா என்று கட்டுரை கேட்கவே இல்லை. நான் டெக்சாஸில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன், சிவில் சர்ஜனாகவும் பணியாற்றுகிறேன். என் அனுபவத்தில் பல விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பவரைப் பரிசோதித்து ஐ-693 ஃபாரத்தில் கையெழுத்திடும் அதிகாரம் சிவில் சர்ஜன் எனப்படும் அரசு நியமித்த டாக்டருக்கு மட்டுமே உண்டு. குடிவரவுத் துறை இவரை நியமிக்க என்ன தகுதி கேட்கிறது? எம்.டி. அல்லது டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம், மாநில உரிமம், ரெசிடென்சி என்ற பயிற்சிக் காலம் போக நான்கு ஆண்டு அனுபவம், இந்த நாட்டில் வேலை செய்யும் அனுமதி. இந்தப் பட்டியலில் பயிற்சி என்று ஒன்று கிடையாது, தேர்வும் கிடையாது. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிடும் நெறிமுறைகளைப் பின்பற்ற வேண்டும் என்பது நிபந்தனை. படித்தாரா, புரிந்துகொண்டாரா என்று முன்கூட்டி யாரும் கேட்பதில்லை. என் மருத்துவ உரிமத்தைப் புதுப்பிக்கவே டெக்சாஸில் இரண்டு ஆண்டுக்கு 48 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும். ஒரு குடும்பத்தின் குடியுரிமைப் பாதையில் கையெழுத்துப் போட ஒரு மணி நேரம்கூடத் தேவையில்லை என்பது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

நம்மவர்களை அதிகம் அலைக்கழிக்கும் விஷயம் டிபி. இந்தியாவில் பிறந்த நம்மில் பெரும்பாலானோருக்குக் குழந்தையிலேயே பிசிஜி என்ற டிபி தடுப்பூசி போட்டிருப்பார்கள். பழைய தோல் பரிசோதனையில் இந்த பிசிஜியாலேயே தடிப்பு வந்துவிடும், அப்புறம் எக்ஸ்ரே, அலைச்சல். அதனால்தான் 2018 அக்டோபர் 1 முதல், இரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாருக்கும் குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனைதான் செய்ய வேண்டும் என்று சிவில் சர்ஜன்களுக்கு விதி வந்தது. பிசிஜி இந்தப் பரிசோதனையைக் குழப்பாது.

இதில் பாசிட்டிவ் வந்தால் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, அறிகுறியும் இல்லை என்றால், கிருமி உடம்பில் உறங்கிக்கொண்டிருக்கிறது, நோய் இல்லை என்று பொருள். அதை 'கிளாஸ் பி' என்று குறித்து, சுகாதாரத் துறைக்குத் தெரிவித்துவிட்டு, டாக்டர் கையெழுத்திடலாம். மாத்திரை சாப்பிடுவது நல்லது, நானும் சொல்லுவேன். ஆனால் அது கிரீன் கார்டுக்கு நிபந்தனை இல்லை. இது தெரியாமல், "நாலு மாதம் ரிஃபாம்பின் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அப்போதுதான் ஃபாரம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பத்து வருடம் காத்திருந்து பிரையாரிட்டி டேட் (கிரீன் கார்டு வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதி) வந்த மாதத்தில் இந்த நாலு மாதம் என்னவெல்லாம் செய்யும் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரசு அறிவிக்கும் தேதி பின்னால் போய்விட்டால் மறுபடி வரிசைதான்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றாலும், விடாத இருமல், எடை குறைவு போன்ற அறிகுறி இருந்தாலோ, எச்ஐவி இருந்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். நெகட்டிவ் என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் ஃபாரத்தை முடித்துவிடும் அவசரக்கார டாக்டர், உண்மையான நோயாளியைத் தவறவிடுவார். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதற்கும் ஆபத்து.

தடுப்பூசியில் நடக்கும் குளறுபடிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பல தவணை உள்ள தடுப்பூசிக்கு அன்றைக்கு உரிய ஒரு தவணை போட்டாலே போதும், எல்லாத் தவணையும் முடியும்வரை ஃபாரத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கு எம்எம்ஆர் (தட்டம்மை முதலியவற்றுக்கான தடுப்பூசி) போடக் கூடாது. அதற்கு ஃபாரத்திலேயே கட்டம் இருக்கிறது, டிக் செய்தால் முடிந்தது. பிரசவம் ஆகட்டும் என்று காத்திருக்க வைப்பது அறியாமை. ஃப்ளூ ஊசி அந்தப் பருவத்தில் மட்டும்தான். இதையெல்லாம் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு முறை யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும்.

விதிகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கோவிட் தடுப்பூசி 2021 அக்டோபரில் கட்டாயமானது, 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயம் நீங்கியது. 2023 நவம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ கையெழுத்திட்ட ஃபாரத்துக்குக் காலாவதியே இல்லை என்று 2024 ஏப்ரலில் சொன்னார்கள். 2025 ஜூனில் அதை மாற்றி, எந்த விண்ணப்பத்தோடு கொடுத்தோமோ அது நிலுவையில் இருக்கும்வரைதான் செல்லும் என்றார்கள். நடுவே, 2024 டிசம்பர் முதல் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போடும்போதே மெடிக்கலையும் இணைக்க வேண்டும் என்றும் வந்தது. மாதம் இரண்டு மெடிக்கல் பார்க்கும் டாக்டர் இதையெல்லாம் எப்போது கவனிப்பார்? அவரைக் குறை சொல்லி என்ன பயன், அவர் கட்டாயம் கற்றுக்கொள்ள ஏற்பாடே இல்லையே.

இப்போது சென்னையைப் பாருங்கள். அங்கே இமிகிரன்ட் விசாவுக்குப் பரிசோதிப்பவர் தூதரகம் நியமிக்கும் பேனல் டாக்டர். சிடிசி ஆட்கள் நேரில் வந்து லேபைப் பார்க்கிறார்கள், எக்ஸ்ரேக்களைச் சோதிக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து பேனல் டாக்டர்களுக்குப் பயிற்சி மாநாடுகளே நடத்துகின்றன. பலன் இல்லாமல் இல்லை. முன்பு சளியை நுண்ணோக்கியில் மட்டும் பார்ப்பார்கள். 2007-ல் வந்த நெறிமுறை, சளியிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையையும் செய்யச் சொன்னது. 2012 வரை அந்தப் புதிய முறையில் கண்டுபிடித்த 4,032 டிபி நோயாளிகளில் 2,195 பேர் நுண்ணோக்கியில் நெகட்டிவ். பழைய முறையே தொடர்ந்திருந்தால் பாதிக்கு மேல் தெரியாமலே விமானம் ஏறியிருப்பார்கள். நெறிமுறையை அச்சடித்து அனுப்பியதால் மட்டும் இது நடக்கவில்லை. லேபும் டாக்டரும் அதற்குப் பழக்கப்படுத்தப்பட்டார்கள்.

(நெறிமுறையில் இன்னொன்றும் இருக்கிறது: நோயாளி மாத்திரை விழுங்குவதை ஊழியர் நேரில் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றாலும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமாகிறது என்று 1950-களின் கடைசியில் உலகுக்குக் காட்டியது நம் மெட்ராஸ் ஆய்வு. நேரில் பார்த்து மருந்து கொடுக்கும் முறைக்கும் அங்கே நடந்த ஆய்வுகளில் வேர் இருக்கிறது. அந்த ஊரில் படித்தவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, மன்னியுங்கள்.)

ஆக, கிரீன் கார்டுக்காக இருவர் பரிசோதிக்கப்படுகிறார்கள். சென்னையில் பரிசோதிப்பவர் பயிற்சி பெற்றவர், டல்லாஸில் பரிசோதிப்பவர் தானாகப் படித்திருந்தால் உண்டு. ஆண்டுதோறும் கிரீன் கார்டு பெறுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த நாட்டுக்குள்ளிருந்தே விண்ணப்பிப்பவர்கள் என்பதால் இதைச் சின்ன ஓட்டை என்று தள்ள முடியாது.

பயிற்சி என்றால் ஃபாரம் நிரப்பும் வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. 1910-ல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஏஞ்சல் தீவு நிலையம் திறந்ததும், வந்திறங்கிய இந்தியர்களின் மலத்தைச் சோதித்து, கொக்கிப்புழு இருக்கிறது என்று பலரைத் தடுத்தார்கள். மருந்து கொடுத்தால் போகிற புழு அது. அதே காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீட்டுக்கு வீடு இருந்த புழுவும் அதுதான். மருத்துவம் சாக்காகப் பயன்பட்ட காலம் அது. இன்றைக்கும் மனநோய், குடி, கஞ்சா பற்றிய கேள்விகளில் டாக்டரின் ஒரு வார்த்தை ஒருவரை 'கிளாஸ் ஏ' ஆக்கிவிடும், அதாவது உள்ளே வரத் தகுதியில்லாதவர். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது தகுதியின்மை அல்ல. அந்த நோயோடு பிறருக்கோ தனக்கோ தீங்கு செய்யும் நடத்தையும் சேர்ந்தால்தான் பிரச்சினை. இந்த வித்தியாசம் தெரியாத டாக்டரிடம் மாத்திரையை மறைப்பதா சொல்வதா என்று நம் ஆட்கள் தவிக்கிறார்கள்.

பயிற்சியைக் கட்டாயமாக்கினால் சிற்றூர் டாக்டர்கள் விலகிவிடுவார்கள் என்று சக மருத்துவர்கள் சொல்கிறார்கள். மேற்கு டெக்சாஸில் இப்போதே மெடிக்கலுக்காக மூன்று மணி நேரம் கார் ஓட்டி வருபவர்கள் உண்டு என்பதால் அந்தக் கவலையை ஒதுக்க மாட்டேன். ஆனால் நான் கேட்பது சிடிசி தலைமையகம் உள்ள அட்லாண்டா போய் உட்காரும் வகுப்பு இல்லை. இணையத்தில் சில மணி நேரப் பாடம், நியமனத்துக்கு முன் ஒரு தேர்வு, விதி மாறும்போதெல்லாம் அரை மணி நேரப் புதுப்பிப்பு, அதைத் தொடர்கல்விக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வசதி. இலவசமாகவே தரலாம். இதற்கும் நேரமில்லை என்பவர் மெடிக்கல் பார்க்காமல் இருப்பதே நல்லது.

சட்டம் மாறும்வரை வாசகர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கிளினிக்குக்குப் போன் செய்து கட்டணம் கேட்கும்போது இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை மெடிக்கல் பார்க்கிறீர்கள்? டிபி ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ், எக்ஸ்ரே நார்மல் என்றால் ஃபாரத்தில் கையெழுத்திடுவீர்களா? ஐ-693-இன் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள்? முன்மேசையில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் பதில் வரவில்லை என்றால், அங்கே கட்டணம் ஐம்பது டாலர் குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்த கிளினிக்கைப் பாருங்கள்.

இப்படிக்கு,
குடும்ப மருத்துவராக இருக்கும் ஒரு வாசகி,
டெக்சாஸ்